ஆறு நாள் குறைவு

கடிதம் எண் 43
கானோ, 12 அக்டோபர் 1997, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.20

ஜோஸ் நகரில் கணவனுடன் வாழும் மூத்த மகளுக்குத் தகப்பன் இத்ரிஸ் எழுதுவது. உன்மீது சாந்தி உண்டாகட்டும்.

உன் தாய் நலம். அவளுடைய முழங்கால் வலி ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு நின்றது.

அச்சகத்தில் சேர்க்கச் சொல்லி நீ அனுப்பிய இரண்டாம் பாகத்தின் நான்கு நோட்டுகளும் வந்து சேர்ந்தன. அவற்றை நான் இன்னும் கொடுக்கவில்லை. கோபப்படாமல் காரணத்தைக் கேள்.

உன் கதாநாயகி ஜும்மையின் கணவன் முஹர்ரம் மூன்றாம் நாள் இறக்கிறான். கணவனை இழந்தவள் மறுமணம் செய்யாமல் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். நீயோ ஐந்தாம் மாதமான ஜமாதுல் அவ்வல் ஏழாம் நாளே அவளுக்கு மறுமணம் செய்துவைத்துவிட்டாய். நான்கு மாதமும் நான்கு நாளும்தான் ஆகிறது; ஆறு நாள் குறைகிறது. ஷரீஅத் நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன்: அந்த நிக்காஹ் செல்லாது. பெண்கள் எழுதும் காதல் கதைகளை இளக்காரமாகப் பேசக் காத்திருப்போருக்கு நீயே இடம் கொடுக்கலாமா?

முற்றத்தில் கூடி மூன்றாம் நோட்டைப் படித்துக்கொண்டிருந்த பெண்களிடம் இதைத் தெரிவித்தேன். அடுத்த வீட்டுத் தலாத்து திரைக்குப் பின்னாலிருந்து, "ஆறு நாள்ல மாப்பிள்ளை எங்க ஓடிருவான், மாலம் ஐயா? காத்திருக்கச் சொல்லுங்க. கல்யாணத்தை மட்டும் நிறுத்திராதீங்க, நாங்க துணிகூட எடுத்துட்டோம்" என்றாள். உன் தாயோ, "கதையே ஆகாதுன்னு குதிச்ச மனுசன், இப்ப விரல் விட்டு நாள் எண்ணுறாரு பாரு" என்றாள்.

முதல் பாகத்தை வாங்க செப்டம்பர் 20ஆம் தேதி சபோன் காரிச் சந்தைக்குச் சென்றேன். மூத்த பிள்ளையின் பெயரைப் பெற்றவர் உச்சரிப்பது நம்மில் வழக்கமில்லையே. எழுதியவர் யார் என்று கடைக்காரன் கேட்டபோது, "ஜோஸ்ல இருக்கற பொண்ணு" என்று மட்டும் சொன்னேன். ஜோஸ் என்றாலே அவனுக்கு உருளைக்கிழங்குதான் போலும்; உருளைக்கிழங்குச் சமையல் நூலொன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டான். மறுநாள் கைத்தடியால் அட்டையைச் சுட்டிக்காட்டி வாங்கி வந்தேன். மூன்று முறை படித்தேன். பிழை பார்ப்பதற்காக மட்டும்.

இத்தா பதின்மூன்றாம் நாளோடு முடிகிறது; ஏழு என்பதைப் பதினான்கு ஆக்கினால் போதும். பேனா என் கையருகில்தான் இருக்கிறது. ஆயினும் 9 மார்ச் 1986 அன்று, உன் பதினைந்தாம் வயதில், உன் நோட்டைப் பிடுங்கியவன் நான். உன் அனுமதியின்றி உன் எழுத்தின்மேல் மறுமுறை கை வைக்க மாட்டேன்.

அச்சகத்தார் 18ஆம் தேதி சனிக்கிழமை வரை பொறுப்பார். தவறினால் ஜனவரிதான் என்கிறார். இக்கடிதத்தைக் கொண்டுவரும் ஓட்டுநர் ஷெஹு புதன்கிழமை திரும்புகிறார். அவரிடம் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. மாற்ற வேண்டாம் என்று எழுதினாலும் அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். நீ எழுத உட்காரும்போது எவரும் குறுக்கே வராதிருக்கட்டும், தகப்பனே ஆனாலும்.

இத்துடன் வைத்திருப்பவை:

1. நாள் கணக்குத் தாள், ஒன்று.
2. நூறு பக்கக் கோடிட்ட நோட்டுகள், ஆறு.
3. 9 மார்ச் 1986 முதல் என் பெட்டியில் இருந்த பழைய நோட்டு, ஒன்று. கிழிந்த இரண்டு பக்கங்களும் ஒட்டப்பட்டுள்ளன. அட்டையில் பெயர் மங்கியிருந்தது. என் கையாலேயே மீண்டும் எழுதினேன்: பில்கிசு இத்ரிஸ்.