நான் பின்லாந்தாக இருந்தபோது

அபிராமபுரம்,
சென்னை (மெட்ராஸ் என்று எழுதினாலும் தபால்காரர் கொண்டுவருகிறார்),
24-11-1996

அன்புள்ள ரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, என் முழங்கால் வலி, மாடிவீட்டுக்காரரின் இருமல் எல்லோரும் சௌக்கியம். டொராண்டோவில் நீயும் உன் ஹீட்டரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கபாலீஸ்வரரிடம் சொல்லிவிட்டு வந்தேன், ஹீட்டருக்காக யாரும் இதுவரை அவரிடம் வேண்டிக்கொண்டதில்லை போலிருக்கிறது, கொஞ்சம் விழித்தார். மழை விடாமல் பெய்கிறது, துணி எதுவும் காயவில்லை, அப்பாவின் பனியனை இட்லிப் பானை மேல் போட்டு உலர்த்துகிறேன், அவருக்குத் தெரியாது.

நீ ஆடி மாதம் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். நடுவில் நான்கைந்து கடிதம் போட்டேன், அவற்றில் ரசப்பொடி அளவு எழுதினேன், ஊர் வம்பு எழுதினேன், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. உன்னோடு வேலை பார்க்கும் பின்லாந்துப் பையன் யூக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டு, நீங்கள் சம்மதிக்காமல் செய்துகொள்ள மாட்டேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தாய் பார், அந்த வரிதான் எங்களைப் படுத்திவிட்டது. நீ பாட்டுக்கு மாலை மாற்றிக்கொண்டு போட்டோ அனுப்பியிருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு எழுந்து காப்பி போட்டிருப்போம். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, நான் பேச்சை எடுத்தால் வாளியை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். மழைக்காலத்திலும் விட்டார். கறிவேப்பிலைச் செடி அழுகிவிட்டது, உன் கல்யாணத்துக்கு முதல் பலி அதுதான். என்னையும் கேட்பாயானால், எனக்குக் கோபம் இல்லை, பயம். டொராண்டோ என்றால் படிக்கப் போன ஊர், ஒருநாள் திரும்பி வருவாய் என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணமானால் நீ போகப்போகிற பின்லாந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரியாத இடத்துக்குப் பெண்ணை அனுப்பினால் ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு அவளை எங்கே போய்த் தேடுவது.

அதோடு விட்டாயா, யூக்காவின் அம்மா ஐலா என்னோடு பேச ஆசைப்படுகிறாள், தீபாவளிக்குப் பிறகு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், அவளுக்கும் இங்கிலீஷ் சுமார்தான் என்று அடுத்த கடிதத்தில் குண்டு போட்டாய். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். டெலிபோனில் எனக்கு முழுசாக வருகிற ஒரே வாக்கியம் ராங் நம்பர். அப்பா ஆபீசில் இங்கிலீஷில் குறிப்பெழுதியே தலை நரைத்தவர், ஆனால் மணி அடித்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவரை நம்பி என்ன செய்ய. அதனால் ஆவணியிலிருந்து நான் கோவிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, லஸ் பக்கம் ஒரு பைண்டிங் கடை மாடியில் ஷகீலா என்கிற பெண் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அப்பா ஒருநாள், தினமும் போய் நின்றால் கபாலீஸ்வரருக்கே அலுத்துவிடும் என்றார். நான் பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஷகீலாவுக்கு உன் வயசுதான் இருக்கும், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். அவளுடைய வகுப்பில் இலக்கணப் புத்தகம் கிடையாது. ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்துவிடுவாள், அன்றிலிருந்து அந்த மாடியில் நாம் அந்த நாடு. நான் ஜலஜா, எனக்கு முழங்கால் வலி என்று பேசக்கூடாது. நான் இன்ன நாடு, எனக்கு வடக்கே இது, தெற்கே அது, என்னிடம் இன்னது விளைகிறது, என்னை இன்னார் ஆண்டார் என்றுதான் வாயைத் திறக்கலாம். தன் கதையைச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம், நாட்டின் கதை என்றால் தப்பாகச் சொன்னாலும் வெட்கமில்லை என்பாள். நடந்து முடிந்ததைச் சொல்லப் பழக வரலாறு, இப்போது இருப்பதைச் சொல்லப் பழக பூகோளம். அவளிடம் இருக்கும் உலக உருண்டை பழசு, அதில் ரஷ்யா இன்னும் உடையாமல் ஒரே துண்டாக இருக்கிறது, புதிய எல்லைகளைச் சிவப்புப் பேனாவால் அவளே போட்டிருக்கிறாள். பூசணிக்காயைக் கூட்டுக்கு நறுக்கக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு முதலில் பிரேசிலைக் கொடுத்தாள், உடம்பைப் பார்த்துக் கொடுத்திருப்பாள். பின்லாந்து முத்துலட்சுமியிடம் போய்விட்டது. இவள் தி.நகரில் பாத்திரக்கடைக்காரர் மனைவி, மருமகள் டெலிபோனில் தன்னைப் பற்றி அம்மாவிடம் இங்கிலீஷில் என்ன சொல்கிறாள் என்று கண்டுபிடிக்கத்தான் இங்கிலீஷ் படிக்கிறாள், நீ யாரிடமும் சொல்லாதே. ஒரு ஜாடி மாவடு கொடுத்து அவளிடமிருந்து பின்லாந்தை வாங்கினேன். பிரேசிலில் காப்பி விளையும் என்றதும் அவளுக்கும் திருப்தி. வகுப்பில் ஒரே ஆண்பிள்ளை தனபாலன், வேளச்சேரியில் அடுக்குவீடு கட்டுகிற மேஸ்திரி, துபாய் போகக் காத்திருக்கிறார், அவருக்கு சுவிட்சர்லாந்து. "இன்னா டீச்சர், கப்பல் பாக்கப் போறவனுக்குக் கடலே இல்லாத நாட்டக் குட்துக்கீறீங்க" என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டே இருந்தார். என்னிடம் ஏரி ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் ஏங்கிப் போய்விட்டார். அத்தனை ஏரியையும் தூர்த்து பிளாட் போட்டால் என்ன தேறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

சொன்னால் சிரிப்பாய், எனக்கு அந்த நாடு உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தாளித்துக்கொண்டிருப்பேன், ஜன்னல் பக்கம் திரும்பினால் எதிர்வீட்டுச் சுவர் இருக்காது, வெள்ளைப் பட்டை உரிகிற மரங்களாக நிற்கும், அதற்கு நடுவில் ஒரு ஏரி, அதற்கப்புறம் ஒரு ஏரி, நடுவில் சத்தமே இருக்காது. கடுகு கருகிய வாசனை வந்துதான் நான் தென்னிந்தியாவுக்குத் திரும்புவேன். மாடவீதியில் காய் வாங்கிக்கொண்டு குளத்துப் படியில் கொஞ்சம் உட்காருவேன், தண்ணீர் மெல்ல மெல்ல உறைந்து வரும், மாமிகள் எல்லோரும் மடிசார் கட்டிக்கொண்டு சறுக்கிக்கொண்டே நடுமண்டபத்தைச் சுற்றி வருவார்கள். வடகோடியில் குளிர்காலத்தில் சூரியன் எழுந்தே வராதாம், கோடையில் படுக்கவே போகாதாம். ராத்திரியில் வெயில் எப்படி விழும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன். அந்த வெயிலில் நீ ஒரு மர வீட்டு வாசலில் தலை துவட்டிக்கொண்டு நிற்பாய். முகம் சரியாகத் தெரியாது, முதுகுதான் தெரியும், ஆனாலும் நீதான். ஆடியில் எனக்கு அந்த இடம் இருட்டாக இருந்தது, ஐப்பசிக்குள் உன்னை எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டது.

போன ஞாயிறு சாயங்காலம் மணி அடித்தது. அந்த அம்மா உன்னிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பாள், என் தரப்பையும் கேட்டுக்கொள். மறுநாள் வகுப்பில் பரீட்சை, நாட்டின் சரித்திரத்தை மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும், நான் பகலெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். போனை எடுத்தால் கடலுக்கடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல், நான் ஐலா, யூக்காவின் அம்மா என்கிறது. அப்பா நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார், வாளி எட்டுகிற தூரத்தில் இல்லை. ஹலோ, சௌக்கியமா, உங்களைப் பற்றி ரஞ்சனி எழுதினாள் என்று ஷகீலாவிடம் கேட்டு வைத்திருந்த அழகான மூன்று வாக்கியங்கள் இருந்தன. அவை எங்கே போயின என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன், ஐ ஆம் பின்லாந்து என்றேன். நின்றேனா என்றால் இல்லை, என்னிடம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஏரி, அறுநூறு வருஷத்துக்கு மேல் ஸ்வீடன் என்னை ஆண்டது, அப்புறம் நூறு வருஷம் ரஷ்யா, ஒரு மாமியார் போய் இன்னொரு மாமியார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் தனிக்குடித்தனம் என்று பின்லாந்துக்காரியிடமே பின்லாந்தை ஒப்பித்து முடித்தேன். லைனில் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது, அதைக் கேட்டபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பெண்ணின் வாழ்க்கையை டெலிபோனில் கெடுத்த முதல் அம்மா நான்தான் என்று நினைத்தேன்.

அந்த அம்மா நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். எல்லாம் சரி, ஏரிகூடச் சரி, அப்படியானால் நான் இந்தியா, ஆனால் என்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நீ சொல் என்றாள். அவளுக்கும் இங்கிலீஷ் நம்ம தரம்தான், ரஞ்சனி, என் காதில் தேன் வார்த்த மாதிரி இருந்தது. எனக்கு மலை உண்டா என்று கேட்டாள், உண்டு, உனக்குத் தலையில் இருக்கிறது என்றேன். மூன்று பக்கம் கடல் என்றேன். என்ன சாப்பிடுவேன் என்றாள், அது மட்டும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம், "என் மகள் உன் வீட்டுக்கு வருகிறாளே, எனக்குக் கோபமா?" என்று கேட்டாள்.

யாருடைய மனசைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன். பின்லாந்தாக இருந்ததால் பதில் சொல்ல வந்தது. உனக்குப் பயமாக இருந்தது, அது பழைய சரித்திரம், இப்போது இல்லை என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அது பனிக்காற்றாகவும் இருக்கலாம். பிள்ளைகள் வைகாசியில், அதாவது மே மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள், உங்கள் வீட்டில் சரி என்றால் நான் புறப்பட்டு வருகிறேன், மே மாதத்தில் நான் எவ்வளவு சூடாக இருப்பேன் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் சரியா என்று எனக்கே தெரியாதே, என்னத்தைச் சொல்ல, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மே மாதம் எத்தனை டிகிரி என்று யோசிக்கிற மாதிரி பாவனை செய்தேன். அப்போது பேப்பர் இறங்கவேயில்லை, குரல் மட்டும் வந்தது. "நூத்தி எட்டு டிகிரின்னு சொல்லு. மே மாசம் வேண்டாம், அந்தம்மா சுருண்டு விழுந்துடுவா. தை கடைசியில வெச்சுக்கச் சொல்லு." நாலு மாதமாக வாயைத் திறக்காத மனுஷர் தட்பவெப்பத்தைப் பார்த்துச் சம்மதம் கொடுத்துவிட்டார். நான் அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே, சொன்னேன், அந்த அம்மாவுக்குப் புரிந்தது. போனை வைத்ததும் அவர் என் பக்கம் திரும்பாமல், ஆறு நூற்றாண்டா, நான் ஐந்து என்றல்லவா நினைத்தேன் என்றார். மறுநாள் காலையில் ஆழ்வார்பேட்டைப் பக்கம் சத்திரம் பார்க்கப் போய்விட்டு நனைந்து வந்தார், தையில் எல்லாம் எடுத்துவிட்டார்களாம், ஒருவன் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறானாம், அவன் யோசிக்கிறான் என்று இவருக்குக் கோபம்.

ஆகவே நீ கேட்டதற்கு எங்கள் பதில் சரி என்பதுதான். இதை எழுத எனக்கு இவ்வளவு மை ஆயிற்று. இரண்டு பேரும் லீவு கேட்டு உடனே டிக்கெட் போடுங்கள், பையனிடம் தலையைக் கொஞ்சம் வாரிக்கொண்டு வரச் சொல், போட்டோவில் காற்றில் நின்ற மாதிரி இருக்கிறான். நீயும் எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரியில் தயிர் வேண்டாம். நூறு வயசுக்கு, கண்ணில் தண்ணீர் வந்தால் அது வெங்காயத்தால்தான் என்று சொல்லும்படி நன்றாக இருங்கள் இரண்டு பேரும். முக்கியமான விஷயம், மறந்துவிடாதே, ஐலாவின் ரவிக்கை அளவைக் கேட்டு அடுத்த தபாலில் எழுது. சம்பந்திப் புடவை அரக்குச் சிவப்பில் எடுத்தாகிவிட்டது, தையற்காரனிடம் தைக் கல்யாணங்களுக்குத் தைக்க வேண்டிய துணி ஏற்கெனவே மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கிறது.

இப்படிக்கு, ஆசிகளோடு,
உன் அம்மா ஜலஜா