பன்னிரு திருநாம வில்லைகள்

ஸ்ரீ:
அன்னூர்
14-8-1961

எடின்பரோவில் மேற்படிப்புப் படிக்கும் அருமை மகள் டாக்டர் ரங்கநாயகிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. பெருமாள் திருவருளால் நானும் உன் தாயாரும் சுகம். எருமையும் சுகம், ஆனால் கறக்க விடுவதில்லை. அவ்வூர்க் குளிரில் உன் உடம்பு எவ்வாறுள்ளதென்று ஒளிக்காமல் எழுது.

நம் தர்ம ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமைதோறும் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் டாக்டர் நாச்சியம்மாளை நீ அறிவாய். சென்ற மாதம் நோயாளிகள் முண்டியடித்து அவர் மேசையையே சாய்த்துவிட்டார்கள். இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நான் வாரதில்லைங்க என்று கமிட்டித் தலைவனாகிய என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் வராவிடில் நம்மூர்ப் பிள்ளைத்தாய்ச்சிகள் இருபது மைல் வண்டி கட்டிப் போகவேண்டும். இவ்வேளையில்தான், அங்கே எண் பொறித்த வில்லை கொடுத்து வரிசையாக அழைக்கிறார்கள் என்ற உன் கடிதம் வந்தது. கமிட்டியில் வாசித்தேன், எல்லோரும் மெச்சினார்கள். ஆயினும் பிணி தீர வருவோரை மஞ்சள் மூட்டை எண்ணுவதுபோல் ஒன்று, இரண்டு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. கேசவன் முதல் தாமோதரன் வரை பகவானின் பன்னிரு திருநாமங்களைப் பொறித்தால் வரிசையும் ஆயிற்று, நாமஸ்மரணையும் ஆயிற்று என்று கருதி, பித்தளை வேலை செய்யும் அமீர் ஹம்சாவிடம் சொன்னேன். ஏனுங்க, நெம்பர் போட்டா வெரசா முடிஞ்சுருமுங்களே என்றார் அவர். அவசரம் ஆகாது என்று அவருக்கு அரைமணி நேரம் உபதேசித்தேன்.

முதல் சனிக்கிழமையே, மாதவனுக்குப் பின் யார் என்பது நாள்தோறும் இந்நாமங்களைச் சொல்லிப் பன்னிரண்டு திருமண் இடும் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. வாமனனை வைத்திருந்த அம்மாள், எனக்கு முன்னால எத்தனை சாமிங்க இருக்குதுங்க என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஒவ்வோர் அழைப்புக்கும் நான் வாசலில் நின்று கேசவனிலிருந்து தொடங்கிச் சொல்லவேண்டியதாயிற்று. நண்பகலில் தொண்டை கட்டி நானே மருந்து குடித்தேன். மாலையில் கம்பவுண்டர் மாசாணம் பெட்டியைத் திறந்தால் ஒரு வில்லைகூட இல்லை. அத்தனையும் அவரவர் பூஜை மாடத்தில் சந்தனப் பொட்டுடன் எழுந்தருளியிருந்தன. திருப்பிக் கேட்டதற்கு, வூட்டுக்கு வந்த சாமியைத் தகரப்பெட்டியில போடச் சொல்றீங்களே, பாவமுங்க என்றார்கள். மாடத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். புதிதாகப் பன்னிரண்டு செய்வித்தேன். மறு சனிக்கிழமை, காய்ச்சலோ இருமலோ சிறிதுமில்லாத எண்பது பேர் வில்லை வாங்கவே வந்துவிட்டார்கள். மேசை மீண்டும் சாய்ந்தது. டாக்டர் அம்மாள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார்.

நான் ஒரு கையில் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். என் மகள் எழுதியது வேறு, நான் செய்தது வேறு, பிழை முழுதும் என்னுடையது என்று பஸ்ஸின் படியருகே நின்று சொன்னேன். கண்டக்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாள் சிரித்துவிட்டார். சரீங்க, ஆனா தலைவரும் வில்லை வாங்கிட்டு வரிசையில உக்காரோணுமுங்க என்றார். ஹம்சா மூன்றே நாளில் தகரத்தில் நாற்பது எண்களை வெட்டிக் கொடுத்தார். தகரத்தை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேற்று முன்தினம் சனிக்கிழமை சண்டை சச்சரவின்றி முப்பத்தெட்டுப் பேரைப் பார்த்து முடித்த அம்மாள், இனிப் புதன்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்முப்பத்தெட்டில் நான் முப்பத்தொன்று. ஊருக்கு வழிகாட்டவே உட்கார்ந்தேன், எனக்கு நோயொன்றும் இல்லை என்றேன். வரிசையில வந்தவங்களைப் பாக்காம அனுப்பறதில்லைங்க என்று டாக்டர் அம்மாள் என் கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். ரத்தக்கொதிப்பு நூற்றெண்பதாம். உப்பு, ஊறுகாய், வடை அனைத்துக்கும் தடை. உன் தாயார் வெங்கடம்மாள் அன்று மாலை பஸ்ஸிலேயே நம் ஆவக்காய் ஜாடி இரண்டையும் டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

கம்பளிச் சட்டையை மறவாதே, ஏகாதசியையும் மறவாதே. அங்குள்ள புதுமைகளைத் தொடர்ந்து எழுது, எழுதியபடியே செய்வேன். திருமகள் கேள்வன் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் அருள்வானாக.

இப்படிக்கு,
உப்பில்லாத ரசத்துடன் உன் தந்தை,
வரதராஜுலு