கீழே இருப்பது: ஒன்று

மாப்ளே,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் கம்ப்யூட்டர் தினமும் சாயங்காலம் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. இன்றும் வந்தது. டீக்கடையில் வடையைக் கடிக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. "கீழே இருப்பது: ஒன்று." வடையைப் பாதியில் வைத்துவிட்டேன். உன் மாமன் வடையைப் பாதியில் வைத்தான் என்ற சேதி இந்நேரம் போடிமெட்டு தாண்டி கேரளத்துச் சட்டசபை வரை போயிருக்கும்.

ஏலக்காய் குடோனுக்கு மேலே இருக்கும் உன் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மெஷினை அணைக்க உங்கம்மா, என் அக்கா, யாரையும் விடுவதில்லை. கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு, "அது ஓடுற சத்தம் கேக்கட்டும்" என்று மட்டும் சொல்கிறாள்.

பகலில் பெங்களூர்க் கம்பெனிக்கு இங்கிருந்தே சோலி பார்ப்பாய். சாயங்காலமானால் யானை. மலையிலிருந்து எத்தனை இறங்கியது, எத்தனை திரும்ப ஏறியது, இப்போது கீழே எத்தனை நிற்கிறது என்று அடிவாரத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளுக்குச் சொல்வதற்காக நீ கட்டிய தரவுத்தளம் அது. யார் எதைப் பார்த்தாலும் வாட்ஸாப்பில் பேசி அனுப்புவார்கள், படமும் அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் ஒரு பதிவு. அதை இடத்தோடு, நேரத்தோடு, வழியோடு, யானையோடு இழை போட்டு முடிச்சு முடிச்சாகக் கோத்துவிடுவாய். நம் ஆட்கள் யானையை யானை என்றா சொல்கிறார்கள்? சாமி என்பான் ஒருத்தன், பெரியவரு என்பான் இன்னொருத்தன். எல்லாம் ஒன்றுதான் என்று மெஷினுக்குப் புரியவைத்தவன் நீ. தேவாரம் தென்னந்தோப்பில் நாப்பது யானையைப் பார்த்ததாக நான் ஒருமுறை பேசி அனுப்பினேன். நீ ஒன்று என்று பதிந்தாய். "மாமா சொன்னா நாப்பதால வகுக்கணும்னு மெஷினுக்கே சொல்லி வச்சிருக்கேன்" என்றாய்.

ஆரம்பத்தில் எண்ணுவதற்கு அது எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே. கீழே எத்தனை என்று கேட்டால், மலை மலையாகக் குவிந்த பதிவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொரு இழையையும் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பும். டீ ஆறும், வெயில் இறங்கும், பதில் வராது. "இது எண்ணி முடிக்கிறதுக்குள்ள அந்த யானை பேரன் பேத்தி எடுத்து, அதுகளுக்குக் காது குத்தி முடிச்சிருக்கும்டா" என்றேன்.

அதற்கப்புறம்தான் நீ குறுக்குவழி கண்டுபிடித்தாய். "எண்ணணும்னா எல்லாத்தையும் வெளிய எடுக்க வேண்டியதில்ல மாமா. ஒவ்வொரு முடிச்சுலயும் எத்தனை இழை வந்து சேருதுன்னு அப்பப்ப குறிச்சு வச்சுக்கிட்டா, கேக்கும்போது முடிச்சுகளை மட்டும் கூட்டுனாப் போதும்." கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. ஊரே கொண்டாடியது. உனக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "வெரசா எண்ணுறது சந்தேகப்படாது மாமா. சந்தேகம் வந்தா மெதுவாத்தான் எண்ணணும்" என்றாய். அன்று அதற்கும் ஒரு கேலி சொன்னேன். என்ன கேலி என்பது இப்போது நினைவில் இல்லை.

அந்தச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒற்றைத் தந்தத்தோடு திரியும் ஒத்தக்கொம்பன் மேலே ஏறிவிட்டது என்று தேவாரத்திலிருந்து படத்தோடு தகவல் வந்தது. கீழே இருப்பது பூஜ்யம் என்று உன் மெஷின் எல்லாருக்கும் அனுப்பிவிட்டது. ராசிங்காபுரம் காளியப்பன் நிம்மதியாகப் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மக்காச்சோளக் காட்டுப் பரணில் காவலுக்கு ஏறினான். நான் இங்கே சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாரத்தில் மலையேறிய அதே நேரத்தில், ராசிங்காபுரம் ஓடையில் ஒத்தக்கொம்பன் தண்ணி குடிப்பதாக ஒரு படம் வந்து கிடந்தது.

"ஐயாவுக்கு ஜீப்பு கெடச்சிருக்கும் போல. டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்து வந்திருப்பாரு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். ஒன்றுக்கு இடது கொம்பு இல்லை. இன்னொன்றுக்கு வலது கொம்பு இல்லை. இத்தனை காலமாக எந்தப் பக்கத்துக் கொம்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை, ஒருத்தரும் கேட்கவும் இல்லை. ஊர் ஒரே பெயரில் கூப்பிட்டதால் மெஷினும் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருந்தது. அந்த முடிச்சைப் பிரித்தாய். குறுக்குவழியை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து மெதுவாக எண்ணச் சொன்னாய். எண்ணி முடியும்வரை காத்திருக்காமல் காளியப்பனுக்குப் போன் போட்டாய்.

"அண்ணே, பரணை விட்டு எறங்குங்க."

"ஏன் தம்பி, இப்பத்தான சைபர்னு வந்துச்சு."

"தப்பா வந்திருச்சுண்ணே. மதினியையும் கூட்டிக்கிட்டு ரோட்டுப் பக்கமா வாங்க."

"இரு, டார்ச்சை எடுத்துக்கிறேன்."

"டார்ச்சு எடுக்காதீங்க."

உன் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. அவர்கள் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் பரணின் நாலு காலும் நாலு பக்கம் கிடந்தன. சோறு கொண்டுபோன தூக்குவாளி காகிதம் மாதிரி மடங்கிக் கிடந்தது. பார்த்ததை அப்படியே ஊரில் சொன்னேன். நான் எதையும் கூட்டிச் சொல்லாததால், உடம்புக்கு ஏதும் முடியலையா என்று விசாரித்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "மாமா, ராசிங்காபுரத்துக் கொம்பன் ஏறிருச்சா?" என்று கேட்டாய். ஏறியிருக்கும் என்றேன். "யாராச்சும் பாத்தாகளா?" இல்லை என்றேன். "அப்ப கீழ ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்கப்புறம் நாம் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது மறுபடி மக்காச்சோளம் முற்றி நிற்கிறது. இன்று நான் வடையை வைத்த கையோடு காளியப்பன் டீக்கடைக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, அந்த ஒண்ணை அழிச்சு விடுங்க. அந்தச் செய்தியப் பாத்துட்டு ஒரு ஆளு கதிரறுக்க வரமாட்டேங்குது. செத்துப்போன பையன் கணக்கை வச்சுக்கிட்டு ஊரைப் பயமுறுத்துறீக."

"அழிக்க நான் யாருடா?"

"பாஸ்வேர்டு உங்ககிட்டத்தான இருக்கு. ஆயுசுல ஒரு நாளாவது உள்ளதைச் சொல்லியிருக்கீகளா? நூறு நூறாக் கூட்டுன வாயி, ஒண்ணே ஒண்ணைக் குறைச்சாத் தேஞ்சா போயிரும்?"

நியாயமான கேள்விதான் மாப்ளே. அவனை இங்கே கூட்டிவந்தேன். நீ காட்டித் தந்தபடியே, குறுக்குவழி வேண்டாம், மெதுவாக எண்ணு என்று கொடுத்தேன். அக்கா டீ கொண்டுவந்தாள். டீ ஆறியது. கீழே குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்கள். எந்த யானையோடும் கட்டப்படாமல் அநாதையாகக் கிடக்கிற பதிவுகளையும் அது விடவில்லை. திரையில் ஒவ்வொன்றாக ஓடின. இரண்டு நாளைக்கு முந்தியது ஒன்று வந்ததும், பேசுவது யார் என்று பார்ப்பதற்காக அமுக்கினேன்.

காளியப்பன் குரலேதான். "ஓடையோரம் வாழை அம்புட்டும் ஒடிஞ்சு கெடக்கு. காத்தா இருக்கும்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். இன்னொரு தடவை அவனே அமுக்கிக் கேட்டான்.

"காத்தே அடிக்கலையேண்ணே" என்றான்.

"ஒன் பொண்டாட்டி எங்கடா?"

"பரண்ல. ஆளு வராததால பன்னி வெரட்ட உக்காத்தி வச்சிட்டு வந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அவளுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். அத்தனை பொய் சொன்ன என் வாய்க்கு ஆறுதலாக ஒரு பொய்கூட வரவில்லை. எடுத்தாள். காளியப்பன் திரும்பி நின்றுகொண்டு சின்னக் குரலில் பேசினான்.

"எறங்கி ரோட்டுப் பக்கமா வா. டார்ச்சு எடுக்காத."

அவன் பைக் சத்தம் தெருக்கோடியில் அடங்கிவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு வீடு சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறான். இன்னும் கூப்பிடவில்லை. அக்கா வாசலில் நிற்கிறாள். உன் மெஷின் எண்ணி முடித்துவிட்டது. நாளைச் சாயங்காலமும் அடிவாரத்தில் எல்லார் போனுக்கும் அது போகும் மாப்ளே. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒன்று.