மாடிக்கு ஒரு தனி அடுப்படி

வியன்னா
8 மே 1977

அன்புள்ள மிலுங்கா,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். மாடிச் சுவர் எழும்பத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் நம் வீட்டைப் பற்றி உன் கடிதத்தைவிடச் சித்தப்பா மகன் மிர்கோவின் கடிதத்தில்தான் அதிகம் தெரிகிறது. ஆட்கள் போன பிறகும் மேஸ்திரி ஒப்ராத் உன் மேசையில் உட்கார்ந்து பிளம் பிராந்தி குடிக்கிறானாமே? "அண்ணே, அண்ணி சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேக்குது" என்று எழுதுகிறான். ஒப்பந்தக்காரன் வேண்டாம், நாமே நின்று கட்டுவோம் என்று சொன்னது நான்தான். அதற்காகக் கட்டுகிறவனோடு கூடிக் குலாவச் சொல்லவில்லை.

மாடிக்குத் தனி அடுப்படியும் வெளியிலிருந்து தனிப் படிக்கட்டும் வேண்டும். நம் மகள் வெரிட்சா கல்யாணமாகி வந்தால் உதவும். மாடி முகப்பின் கைப்பிடிக் கம்பிகளை முஷ்டிகூட நுழையாதபடி நெருக்கி வைக்கச் சொல். மறக்காதே.

உன் ஜிவான்

யாசெனாக்
21 மே 1977

அன்புள்ள ஜிவான்,

கட்டட வேலையை நானே நடத்தும்போது மேஸ்திரியோடு பேசாமல் சுவரோடா பேசுவேன்? மறுநாளைக்கு மணல் வருமா, தச்சன் வருவானா என்பதெல்லாம் வேலை முடிந்த பிறகுதான் பேச முடிகிறது. பிராந்தி ஊற்றாத வீட்டில் சுவர் நேராக நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். ஒப்ராத்துக்கு வாயில் மூன்று பல். ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். பொறாமைப்பட வேறு ஆள் பாருங்கள்.

நான் சிரித்தது உண்மை. சூளைக்காரன் கொண்டுவந்த செங்கல் இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தேன், மொத்தென்று சத்தம். வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டேன். "பொம்பளைக்கு என்ன தெரியும்"னு முனகிக்கொண்டே போனான், அதற்குத்தான் சிரித்தேன். என் அப்பா எனக்குக் கொடுத்த மனையில் வேகாத செங்கல் ஏறாது.

கம்பி விஷயத்தைச் சொன்னதும் ஒப்ராத் கேட்டார்: "வீட்ல சின்னப் புள்ள யாரும் இல்லியேம்மா, அப்புறம் எதுக்கு இந்தக் கோழிக்கூண்டு?" வெரிட்சாவுக்கு நர்ஸ் படிப்பே இன்னும் முடியவில்லை. யாருக்காக அந்தக் கம்பி?

மிலுங்கா

வியன்னா
5 ஜூன் 1977

அன்புள்ள மிலுங்கா,

எதை எழுதினாலும் துருவுகிறாய். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைக்கிறார்கள். என்னோடு பூச்சு வேலை செய்பவனுக்கு இரண்டு வயதில் ஒரு பையன் இருக்கிறான். கண் மூடித் திறப்பதற்குள் நாற்காலியில் ஏறி, அங்கிருந்து ஜன்னல் திட்டுக்குப் போய்விடுவான். கீழே இறக்கினால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பான், திட்ட மனசு வராது. அவனைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த எண்ணமே வந்தது. இதில் தப்பு என்ன? நீ ஒப்ராத் பேச்சை மாற்றுவதற்காக இதைக் கிளறுகிறாய் என்று தோன்றுகிறது.

ஜிவான்

யாசெனாக்
17 ஜூன் 1977

ஜிவான்,

அந்தப் பூச்சு வேலைக்காரனுக்குப் பெயர் இல்லையா? கூட வேலை செய்யும் எல்லாரையும் பெயர் சொல்லி, குறட்டை விடுவதுவரை எழுதுகிறவர் நீங்கள். வெரிட்சா முதல் அடி வைத்தபோது நான் நான்கு பக்கம் எழுதினேன். வேலியை அடைத்துவிட்டாயா என்று ஒரு வரி கேட்டீர்கள். யாரோ பெற்ற பிள்ளையின் மூக்கு சுருங்குவது உங்களுக்கு எப்படி இத்தனை தெரிகிறது?

சமையலுக்கு நடுவே இதையே நினைத்துக்கொண்டிருந்து வேலையாட்கள் பதினொரு பேருக்கு வைத்த பீன்ஸைத் தீய்த்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நேராகக் கேட்கிறேன். அந்தப் பையன் யாருடையவன்?

மிலுங்கா

வியன்னா
24 ஜூலை 1977

அன்புள்ள மிலுங்கா,

என்னுடையவன்தான். தனியாக இருப்பவன் தடுமாறுவது உலகத்தில் இல்லாததா? உன்னை நான் கைவிடவில்லை. கீழ் வீடு உனக்கு. கிறிஸ்துமஸுக்கு அவனையும் அவன் அம்மாவையும் அழைத்து வருகிறேன். அவர்கள் மாடியில் இருந்துகொள்வார்கள். படி தனி, அடுப்படி தனி. யாரும் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. எல்லாரையும் நினைத்துத்தான் அப்படிக் கட்டச் சொன்னேன்.

அதுவரை கூரை ஏற்றாதே. வீட்டுக்காரன் இல்லாமல் முகட்டு வளை ஏறினால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். மேஸ்திரிக்குப் பரிசாக முகட்டில் தொங்கவிடும் முதல் சட்டையை நான்தான் கட்ட வேண்டும். பதில் எழுது.

உன் ஜிவான்

யாசெனாக்
11 செப்டம்பர் 1977

ஜிவான்,

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. ஒரு மாதம் எனக்குக் கை ஓடவில்லை. வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டு, அந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்து அழுதேன். பிறகு மழை வந்தது. கூரையில்லாத சுவரில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தேன். மறுநாளே ஒப்ராத் வீட்டுக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

நேற்று முகட்டு வளை ஏறியது. ஊர் வழக்கப்படி முகட்டில் கயிறு கட்டி எல்லாரும் சட்டையும் துண்டும் தொங்கவிட்டார்கள். புதுச் சட்டை வாங்க நான் கடைக்குப் போகவில்லை. அலமாரியில் இருந்த உங்கள் சட்டைகள் எல்லாவற்றையும், கல்யாணச் சட்டை உட்பட, துவைத்துத் தேய்த்து வரிசையாகக் கட்டினேன். வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கிடைத்தது. இங்கே உங்களுக்கு என்று இனி ஒரு பொத்தான்கூட இல்லை.

சட்டை கொடுத்த வீட்டுக்காரன் பெயரைச் சொல்லி மேஸ்திரி முகட்டிலிருந்து வாழ்த்திக் கூவ வேண்டுமே. ஒப்ராத் மேலே நின்றுகொண்டு, கீழே கூடியிருந்த மொத்த ஊருக்கும் முன்னால் கேட்டார்: "வீட்டுக்காரர் பேரு என்னன்னு கூவட்டும்மா?"

"மிலுங்கா"ன்னு சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மூன்று தடவை கூவினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். மிர்கோவும் கூட்டத்தில்தான் நின்றான், இந்நேரம் உங்களுக்கு எழுதியிருப்பான்.

மிலுங்கா