கதவுக்குப் பின்னால் ஓடிய பாட்டு

அன்பு மகளுக்கு,

நம் டொலிடோ நகர வானொலியில் இந்த வாரம் ஓர் அநியாயம் நடந்துவிட்டது. முப்பது வருடமாக நான் போட்டுவந்த பழைய பாட்டுகளையெல்லாம் மேலாளர் க்ளெண்டா தூக்கிவிட்டாள்.

“அதைக் கேட்டவங்கள்ல பாதிப் பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க, வெர்ன். மீதிப் பேருக்குக் காது கேக்கல. எந்த விளம்பரக்காரன் வருவான், சொல்லு?” என்கிறாள்.

திங்கட்கிழமையிலிருந்து, நீ பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டுகள்தான் ‘பொன்னான பழைய பாடல்கள்’. நீ கதவைச் சாத்திக்கொண்டு அலறவிட்டாயே, அதே இரைச்சல்! அதற்கு நான் தேனொழுக முன்னுரை சொல்ல வேண்டுமாம்.

நேற்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒரு பாட்டுக்குக் கால் தானாகத் தாளம் போட்டது. க்ளெண்டாவிடம் சொல்லிவிடாதே.

ஆனால் நீ திரும்பத் திரும்பப் போட்டது எந்தப் பாட்டு என்றுதான் பிடிபடவில்லை. வீட்டை விட்டுப் போக நீ பெட்டி கட்டிய அன்றும் அதுதான் ஓடியது. சுவர் வழியாக எனக்கு ‘டம் டம்’ மட்டும்தான் கேட்டது.

திங்கள் காலை முதல் பாட்டுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். நேயர்கள் கூப்பிடும் எண் இன்னும் மாறவில்லை. எடுக்கிறவனும் மாறவில்லை; பாட்டுப் பெயரை முழுசாகக் கேட்டுக்கொள்வான்.

அப்பா