புளித்துப்போன தொட்டியும் முப்பத்தொரு அடுப்புகளும்

அனுப்புநர்:
நா. இன்பநாதன்,
தொட்டி இயக்குநர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
வீட்டு எண் 9, பணியாளர் குடியிருப்பு,
போபோடி, புனே.

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
ஆற்றோரக் கழிவுநீர் வாரியம்,
புனே.

பொருள்: கழிவுநீர் நிலையத்தின் வாயுத் தொட்டி கெட்டுப்போனது – அதை மீட்க அனுமதி வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விஷயமாக மராத்தியில் மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக மனு கொடுத்தேன். பதில் இல்லை. தாங்கள் தமிழ் படிப்பவர் என்று தபால் பிரிவில் சொன்னார்கள். ஆகவே இதை எனக்கு நன்றாக வரும் மொழியில் எழுதுகிறேன்.

1. சாக்கடை நீரிலிருந்து பிரியும் சேற்றை மூடிய தொட்டியில் விட்டுப் பதப்படுத்துகிறோம். அதில் கிளம்பும் வாயுவை 1978 முதல் எங்கள் குடியிருப்பின் முப்பத்தொரு வீடுகளுக்கும் அடுப்பெரிக்கக் கொடுத்துவந்தோம். காய்ந்த சேற்றை விவசாயிகள் உரமாக ஏற்றிப் போனார்கள். சாக்கடை நெருப்பில் சோறு பொங்குவதா என்று முதலில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். என் மனைவி மில்ட்ரெட் அதில் டீ போட்டு வீடு வீடாக அனுப்பினாள். பாதிப்பேர் குடிக்கவில்லை. கடைசியாக ஒப்புக்கொண்டவர், பம்ப் ஆபரேட்டர் நஜிமுதீனின் மனைவி ஹாஜிரா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒப்புக்கொண்டபின், வாயு சற்றுக் குறைந்தாலும் முதலில் என் வாசலில் வந்து நிற்பவரும் அவரே.

2. குடியிருப்புக் குழாய் இரண்டு இடங்களில் துருப்பிடித்திருப்பதால் வால்வை மூடும்படி 12.11.1982 அன்று உதவிப் பொறியாளர் உத்தரவிட்டார். பதினைந்து நாளில் குழாய் மாற்றப்படும் என்றும் அதில் இருந்தது. மூடியது நான். அந்த உத்தரவு சரியென்றே இன்றும் சொல்வேன். புதுக் குழாய்கள் டிசம்பரிலேயே வந்துவிட்டன. பதிக்க ஆள் வரவில்லை. நானே பதிக்கிறேன் என்றதற்கு, அது என் வேலை அல்ல என்றார்கள்.

3. வாயுவைச் சும்மா வெளியே விடக்கூடாது என்பதால் உயரமான குழாயின் முனையில் அதை எரித்தோம். எங்கள் பெண்கள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்கும்போது அந்தத் தீ அவர்களுக்குத் தெரியும். எட்டு மாதம் பார்த்தார்கள்.

4. 3.7.1983 காலை ஹாஜிராவின் பம்ப் ஸ்டவ் வெடித்தது. நஜிமுதீனும் நானும் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலாம் நாள் இறந்தார். முந்தின நாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அண்ணாச்சி, அந்த வால்வ எப்பத் தொறப்பீக?” குற்றம் சொல்லும் குரலில் அல்ல, வீடு திரும்பிச் சமைக்கப்போகிறவர் கேட்பதுபோல் கேட்டார். சீக்கிரம் என்றேன்.

5. அடக்கத்துக்குப் பின் வந்த ஞாயிறன்று நஜிமுதீனும் நானும் துருப்பிடித்த துண்டுகளை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் பொருத்தினோம். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வால்வைத் திறந்தேன். அன்று மதியம் முப்பது வீடுகளில் சமைத்தார்கள். நஜிமுதீன் தன் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மாலையில் உதவிப் பொறியாளர் வந்து வால்வை மூடி முத்திரை வைத்தார். மறுநாள் எனக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. நான் கட்டளையை மீறியது உண்மை. மறுக்கவில்லை.

6. எனக்குப் பதில் வந்தவருக்குத் தொட்டியைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று நாளில் விட வேண்டிய சேற்றை ஒரே நாளில் விட்டிருக்கிறார். அமிலம் மிகுந்து தொட்டி புளித்துவிட்டது; வாயு உண்டாவது நின்றுவிட்டது. ஆகஸ்டு 20 அன்று குழாய் முனையில் எரிந்த தீயும் அணைந்தது. பதப்படாத சேறு இப்போது ஆற்றுக்குப் போகிறது. விவசாயிகள் வருவதில்லை. இனி வால்வைத் திறந்தாலும் அடுப்புக்கு வர ஒன்றும் இல்லை.

7. வேலையைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. சேறு விடுவதை நிறுத்தி, சுண்ணாம்பு கலந்து, நல்ல தொட்டி ஒன்றிலிருந்து பழைய சேற்றைக் கொண்டுவந்து ஊற்றி, தினமும் பார்த்துக்கொண்டால் மூன்று மாதத்தில் சில தொட்டிகள் தேறும். சில தேறுவதில்லை. இது தேறும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. நிலையத்துக்குள் நுழைய ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் தந்தால் போதும், முயன்று பார்க்கிறேன்.

அதுவும் இயலாதென்றால், இயலாது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டுகிறேன். குடியிருப்பில் என்னைத் தினமும் கேட்கிறார்கள். அவர்களிடம் காட்ட ஒரு காகிதமாவது வேண்டும்.

இடம்: போபோடி, புனே
நாள்: 19.9.1983

தங்கள் கீழ்ப்பணிந்த,
(ஒப்பம்) நா. இன்பநாதன்