எந்தக் கருப்பசாமி

ஜூலை 22, செவ்வாய்

விடிந்ததிலிருந்து ஆடிக்காற்று. மலைப்பக்கம் மப்பு. அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுகிறதாம், வாட்ச்மேன் சொன்னார்.

செய்ய வேண்டியவை: சோலார் மாத அறிக்கை. பல் டாக்டர். நீலப் புடவைக்கு ஃபால்ஸ். வகுப்பின் வீட்டுப்பாடம்.

இன்று நான்காவது வகுப்பு. மேல்பதவிக்கு என்று கம்பெனி தயார் செய்யும் பெண்கள் ஆறு பேர். நான்தான் மூத்தவள், நாற்பத்தாறு. நேர்காணல் 30, புதன். கிடைத்தால் இரண்டு மில்லுக்கும் சோலாருக்கும் மின்பிரிவுத் தலைவர். இதுவரை எந்தப் பெண்ணும் உட்காராத நாற்காலி.

பயிற்சி தர சென்னையிலிருந்து வரும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “எதைக் கேட்டாலும் ‘செய்யப்பட்டது’. இல்லைன்னா ‘நாங்க செஞ்சோம்’. யாரு செஞ்சது? ‘நான்’னு சொல்லுங்க மேடம், நாக்கு வெந்துடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுப்பாடம்: வேலையில் செய்தவை, ‘நான்’ என்று தொடங்கும் பத்து வாக்கியங்கள். பத்தாவது ஒரு தவறாக இருக்க வேண்டும்.

ஜூலை 23, புதன்

ஒன்பது எழுதியாயிற்று. நான் சோலார் பிரிவைத் தொடங்கினேன். நான் இரண்டாவது மில்லின் பழைய கேபிள்களை மாற்றினேன். இப்படி. படிக்க யாரோ ஒருத்தியின் கதை போல இருக்கிறது.

பதினொரு மணிக்கு பேச்சியம்மாள் டீ. கணவர் மில் மின்கம்பத்தில் இறந்த பிறகு கம்பெனி கொடுத்த வேலை இவளுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்.

“மேடம் பெரிய எடத்துக்குப் போறியளாமே. பொறவு எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?”

யார் சொன்னது என்றேன்.

“கேன்டீன்ல சட்னிக்குக்கூடத் தெரியும்.”

போகும்போது வாசலில் நின்று, “எங்க வீட்டு ஆளு இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. ஒங்க மேல அம்புட்டு மரியாதி. என்ன, அந்த மனுசனுக்கு எதுலயும் அவசரம். தாலி கட்டுறப்பகூட மேளம் வார வரைக்கும் பொறுக்கல. எறங்கிட்டோம்னு போனும் பண்ணிட்டு, மறந்த கட்டிங் பிளேயரை எடுக்கத் திரும்ப ஏறுவாரா ஒரு ஆளு? எருமை.”

டீ ஆறிப் போயிற்று. குடிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காற்றில் கம்பிகள் பாடுகின்றன. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது.

பத்தாவது வாக்கியம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். இந்த நோட்டில் மட்டும்.

பதினேழு வருடம் முன்பு. மேற்கு லைன், கிழக்கு லைன், இரண்டிலும் ஒரே நாள் வேலை. கரண்டை நிறுத்தி, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ போர்டை இரண்டு சுவிட்சிலும் மாட்டினேன். லைன் கிளியர், அதாவது கம்பத்தில் ஏற அனுமதி, வாங்கியவர் இருவர். இருவர் பெயரும் கருப்பசாமி. வேலை முடிந்து ஆட்கள் இறங்கியதும், வாங்கியவரே ‘ரிட்டர்ன்’ சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் போர்டைக் கழற்றலாம்.

மூன்றரைக்கு போன். “கருப்பசாமி பேசுதேன் மேடம். ஆளுக எல்லாம் எறங்கியாச்சு. லைன் கிளியர் ரிட்டர்ன்.”

மேற்கு லைனில் ஓடும் ஸ்பின்னிங்கிலிருந்து கரண்ட், கரண்ட் என்று நச்சரிப்பு. எந்தக் கருப்பசாமி என்று கேட்கவில்லை. மேற்கு போர்டைக் கழற்றி சுவிட்சைப் போட்டேன்.

பேசியது கிழக்கு லைன் கருப்பசாமி, தேவதானத்துக்காரர். மேற்கில் பேச்சியின் கருப்பசாமி கம்பத்தின் மேலேயே இருந்தார். இறங்கவேயில்லை. எதையும் மறக்கவுமில்லை.

மறுநாள் அப்போதைய மேனேஜர்: “போன் பண்ணிட்டுத் திரும்ப ஏறிட்டான்னு எழுதிருவோம். செத்தவன் வந்து இல்லைன்னா சொல்லப் போறான்? நீ வளர வேண்டிய பிள்ளை.” ரிப்போர்ட்டில் ‘லைன் சார்ஜ் செய்யப்பட்டது’. கரண்ட் கொடுத்தது யார் என்று இல்லாத வாக்கியம். கீழே என் கையெழுத்து. தேவதானத்துக்காரர் ஒரு மாதத்தில் திருப்பூர் போய்விட்டார்.

கட்டிங் பிளேயர், அந்த மேனேஜரின் கற்பனை. பதினேழு வருடமாக பேச்சி அதைச் சொல்லித்தான் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

இட்லி மாவு புளித்துவிட்டது. பல் டாக்டரிடம் போகவில்லை.

சிலிண்டர்காரர் போன் செய்தார். பெயர் கேட்டேன், அப்பா பெயரும் கேட்டேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “சிலிண்டர் போடுதவருக்குப் பொண்ணு குடுக்கப் போறியா?” எப்போதும் செய்யும் கிண்டல்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, “புதன்கிழமை போகட்டும். பொறவு சொல்லு.”

“நாற்காலியில உக்காந்துட்டா சொல்ல மாட்டேன்.”

“சொன்னா நாற்காலி இல்ல. வேலையும் போகலாம். கேசு வந்தாலும் வரும். யோசிச்சியா?”

யோசித்தேன். பதினேழு வருடம் அதைத்தானே செய்தேன்.

மத்தியானம் கண் அசந்தபோது அதே குரல். ஆளுக எல்லாம் எறங்கியாச்சு. முகம் இல்லை, குரல் மட்டும். அதை மட்டும் வைத்து இரண்டு பேரில் யார் என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை.

ஜூலை 28, திங்கள். ஆடிப்பூரம்

உள்ளூர் விடுமுறை. ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேர் ஓடும் தெருக்களில் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். பேச்சியின் வீடு ரத வீதிக்குப் பின்சந்தில். மின்விசிறி நின்றிருந்தது. வெளியே கூட்டத்தின் இரைச்சல்.

“தேர் பாக்க வந்தியளா மேடம்? இருங்க, மோர் கொண்டாரேன்.”

மோர் வேண்டாம், உட்கார் என்றேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து. “அவர் போன் பண்ணல பேச்சி. திரும்ப ஏறல. எறங்கவே இல்ல. பேசினது தேவதானத்துக் கருப்பசாமி. எந்தக் கருப்பசாமின்னு கேக்காம நான் சுவிட்சைப் போட்டேன். நான்.”

நாக்கு வேகவில்லை.

அவள் அழவில்லை. சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்தாள். “செத்த நேரம் பேசாம இருங்க.”

முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள்.

“அப்ப அவரு அவசரப்படலையா?”

“இல்ல.”

“ஒவ்வொரு திவசத்துக்கும் அவரை வஞ்சுக்கிட்டேதான் எலையில சோறு வச்சேன். ஒரு வருசம் விடல.” பிறகு என்னைப் பார்த்து, “ஒங்க கையாலதான் பதினேழு வருசமா தீபாவளிக்குச் சேலை வாங்குனேன்.”

தேர் நிலைக்கு வந்துவிட்டது போல. கரண்ட் வந்தது. விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். யாரோ எங்கோ போர்டைக் கழற்றியிருக்கிறார். எல்லோரும் இறங்கிவிட்டார்களா?

“இப்ப சொன்னதை எழுத்துல குடுங்க. எம் மவன் படிக்கணும்.”

அவள் மகனின் பழைய நோட்டிலிருந்து தாள். எழுதினேன். இரண்டாவது வரியில் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வெறும் கருப்பசாமின்னு எழுதாதிய. மாடசாமி மகன் கருப்பசாமி, மேற்கு லைன்னு எழுதுங்க.”

அப்படியே எழுதினேன். இரண்டு பிரதி. ஒன்று அவளிடம். இன்னொன்று நேர்காணல் ஃபைலில், முதல் தாளாக.